வேலைக்கு வா, குடியேறாதே

(ஆரம்பாக்கத்தில் ஏரியோரச் சேரிகளின் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் நிறைவேற்றுவதற்காக நான்கு தீர்மானங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மேடைக்கு வருவதற்கு முன்னால் தம்பிகள் அந்தத் தாளை என்னிடம் காட்டினார்கள். முதல் தீர்மானம் பஞ்சமி நிலம் பற்றியது. இரண்டாவது, ஏரியில் நம்ம ஆளுங்களுக்கும் இருளர் மக்களுக்கும் மீன்பிடி உரிமை. மூன்றாவது, சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை. இந்த மூன்றிலும் எனக்கு ஒரு வார்த்தை மறுப்பு கிடையாது. நான்காவது தீர்மானம் இப்படி இருக்கிறது: “கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வெளிமாநிலத்தவரை வேலைக்கு எடுப்பதைத் தடை செய்ய வேண்டும். வெளியாட்கள் இந்தப் பகுதியில் வந்து தங்குவதைக் கட்டுப்படுத்த வேண்டும்.”

எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் முழுவதையும் இந்த நான்காவது தீர்மானத்துக்கே செலவு செய்யப் போகிறேன். இதை இப்படியே நிறைவேத்தாதீங்க என்று உங்களிடம் கேட்கப் போகிறேன். கோபம் வந்தால் பேசி முடித்த பிறகு கேளுங்கள். எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டுத்தான் ரயில் ஏறுவேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தீர்மானத்தை எழுதிய தம்பிகளின் கோபம் நியாயமானது. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள், ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் சேரிக்குச் சேரி இருக்கிறார்கள். கம்பெனி வாசலில் போய் நின்றால் ஆள் எடுக்கலைன்னு சொல்றான். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். ஏன்யா எங்களை எடுக்க மாட்டேங்கறேன்னு காண்டிராக்டரைக் கேட்டால் என்ன சொல்கிறான்? “உள்ளூர் ஆளுன்னா லீவு கேப்பான். சாவு, கல்யாணம்னு போயிடுவான். ஒரு ஆளுக்கு அடிபட்டா ஊரே வந்து வாசல்ல உக்காரும். இவங்கன்னா பன்னெண்டு மணி நேரம் நிப்பாங்க, கொடுத்ததை வாங்கிக்குவாங்க.”

அவன் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனியுங்கள். நமக்குக் கேட்கத் தெரியும், கேட்டால் பின்னால் நிற்க நாலு பேர் இருக்கிறார்கள், அதனால் நாம் வேண்டாம். அவர்கள் கேட்க முடியாத இடத்தில் நிற்கிறார்கள், அதனால் அவர்கள் வேண்டும். இதை மனசுல வெச்சுக்குங்க. திரும்ப இங்கே வருவேன்.

இன்றைக்கு உலகம் முழுக்க இந்தச் சண்டைதான் நடக்கிறது. அமெரிக்கா மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்புகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் படகில் வருகிறவர்கள் மத்தியதரைக் கடலில் மூழ்கிச் சாகிறார்கள். கதவை மூடு என்று ஒரு கூட்டம், கதவைத் திற என்று ஒரு கூட்டம். திற என்று சொல்பவர்களில் மனித உரிமைக்காரர்களும் இருக்கிறார்கள், மலிவாக ஆள் தேடுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள். மூடு என்று சொல்பவர்களில் இனவெறியர்களும் இருக்கிறார்கள், கூலி குறைந்துவிடுமே என்று பயப்படுகிற ஏழைத் தொழிலாளியும் இருக்கிறான். இதில் நாம் எந்தப் பக்கம்? படித்தவர்கள் இதைத் தேசம், பொருளாதாரம் என்று பேசுவார்கள். நான் சேரியிலிருந்து பேசுகிறேன். யார் எங்கே போகலாம், எங்கே இருக்கலாம் என்கிற விஷயத்தில் நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

ஊர்–சேரி என்றால் என்ன? ஊர்த்தெருவில் நமக்கு வேலை உண்டு. நடவுக்கு வா, அறுப்புக்கு வா, செத்த மாட்டைத் தூக்க வா, பறையடிக்க வா. வேலை முடிந்தால் போய்விட வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே ஒரு மனை வாங்கிக் குடியேறுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நமது உழைப்பு எல்லை தாண்டி வரலாம், ஆள் வரக்கூடாது. வேலைக்கு வா, குடியேறாதே. இதுதான் சட்டம். உலகத்தில் இன்றைக்கு இருக்கிற குடியேற்றச் சட்டங்கள் பலவற்றையும் நான் இந்த ஒரே வாக்கியத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

தெருவில் நடப்பதற்கே நாம் போராட வேண்டியிருந்தது. 1924-ல் வைக்கத்தில் நடந்தது என்ன? கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் ஈழவர், புலையர் நடக்கலாமா என்பதுதான் பிரச்சனை. கோயில் நுழைவுகூட இல்லை, வெறும் நடை. அதே 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசுக் கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று. அவர் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கடல் கடந்து போய் வந்த மனுஷன், சொந்த மண்ணில் தெருவில் நடக்கத் தீர்மானம் போட வேண்டியிருந்தது.

பிறகு அரசியல் சட்டம் வந்தது. 19-வது பிரிவில் எழுதியிருக்கிறார்கள்: குடிமக்கள் எல்லோரும் இந்தியா முழுக்கத் தடையில்லாமல் நடமாடலாம், எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், குடியேறலாம். அக்கிரகாரத்துக்காரருக்கு இந்தப் பிரிவு தேவையே இல்லை. அவர் ஏற்கெனவே எங்கேயும் போய்க்கொண்டுதான் இருந்தார். இந்தப் பிரிவு நமக்குத்தான் தேவைப்பட்டது. கிராமத்தை விட்டு வெளியேறுவதை அண்ணல் அம்பேத்கர் விடுதலைக்கான வழியாகவே பார்த்தார். 1942-ல் நாக்பூரில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவான மாநாட்டில், நமக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்றே தீர்மானம் போட்டார்கள். நகர்ந்து போகிற உரிமை நமக்குப் பொழுதுபோக்கு இல்லை, உயிர்.

இந்த ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். துணி வாங்கினார்கள், அதுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆளையும் வாங்கினார்கள். பஞ்சம் வந்த காலங்களில் தின்ன வழியில்லாமல் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, இந்தக் கரையிலிருந்து பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். அவர்களிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. விற்கிற சரக்குக்கு எதற்குப் பாஸ்போர்ட்?

வெள்ளைக்காரன் 1843-ல் அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் போட்டான். ஆனால் 1859-ல் இன்னொரு சட்டம் போட்டான். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். ஜெயிலுக்கு அனுப்பலாம். 1920-கள் வரைக்கும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அன்றைக்குப் பொன்னேரி தாலுகா செங்கல்பட்டைச் சேர்ந்தது. அதாவது நம்மைப் பற்றித்தான் எழுதினார். கடனில் கட்டிப்போட்டிருப்பதை எழுதினார். குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதார் கையில் இருப்பதை எழுதினார். பண்ணையை விட்டுப் போகிறேன் என்றால் குடிசையையும் விட்டுப் போக வேண்டும். பஞ்சமி நிலத்துக்கான 1892-ம் வருஷத்து அரசாணை அந்த அறிக்கையிலிருந்து வந்ததுதான். உங்களுடைய முதல் தீர்மானத்தின் வேர் அங்கே இருக்கிறது. நிலம் கொடுத்தது எதற்காக? ஒருத்தன் கையை நம்பாமல் இருக்கவும், பிடிக்கவில்லை என்றால் போகவும். இருக்கிற உரிமையும் போகிற உரிமையும் ஒரே உரிமையின் இரண்டு கால்கள். ஒரு காலை வெட்டிட்டா இன்னொரு காலால நடக்க முடியாது.

கப்பலேறிப் போனவர்கள் கதை என்ன? 1860-லிருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். அஞ்சு வருஷ ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கி, காய்கறி போட்டு, மீன் பிடித்து, சுதந்திரமாகப் பிழைக்க ஆரம்பித்தார்கள். உடனே வெள்ளைக்காரனுக்கு வயிறு எரிந்தது. 1895-ல் சட்டம் கொண்டுவந்தான். மறுபடி ஒப்பந்தத்தில் சேராமல், ஊருக்கும் திரும்பாமல் அங்கேயே இருக்க நினைக்கிறவன் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்டணும். கூலியாக இரு, அல்லது கிளம்பு. மனுஷனாக இருந்தால் வரி. 1913-ல் சுரங்கத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அந்த வரி ஒழிந்தது.

இலங்கைக்கு வருவோம். மலையகத்தில் காபிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டியவர்களில் பெரும்பகுதி நம்ம மக்கள். பறையர், பள்ளர், சக்கிலியர். கங்காணி கூட்டிக்கொண்டு போனான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆள் இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவன் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதின சீட்டு. 1921 வரைக்கும் அது நடந்தது. அந்தச் சீட்டும் ஒரு விசாதான். 1948-ல் இலங்கை சுதந்திரம் வாங்கியது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் போட்டு, அந்த உழைப்பாளி மக்கள் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. நூறு வருஷம் தேயிலை பறித்தவன் கள்ளத்தோணி ஆனான்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் டெல்லியில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-ல் அதையும் ஆளுக்குப் பாதி, 75,000, 75,000 என்று பங்கு போட்டார்கள். ஆட்டுமந்தையைப் பங்கு போடுவதுபோல். அந்த மக்களில் ஒருத்தரைக் கேட்டார்களா? வந்தவர்களை நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கும், நூல் மில்லுக்கும், கடன் பத்திரத்தோடு ஏதேதோ ஊருக்கும் அனுப்பினார்கள். அங்கே இந்தியாக்காரன் என்று துரத்தினான். இங்கே சிலோன்காரன் என்று ஒதுக்கினான். சாதியை மட்டும் இரண்டு கரையிலும் யாரும் மறக்கவில்லை.

ரொம்ப தூரம் போக வேண்டாம். இங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் 2021-ல் ஏறக்குறைய 58,000 பேர் இருந்தார்கள். அந்த வருஷம் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது, அகதி முகாம் என்கிற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடு கட்டினார்கள், நல்லது. ஆனால் பெயர் மாறினால் போதுமா? தணிக்கை நாளில் ஆள் முகாமில் நின்றாக வேண்டும். வெளியூர் போய்த் தங்க அனுமதி வேண்டும். படித்த பிள்ளைக்கு அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. பெயின்ட் அடிக்கப் போகலாம், சித்தாள் வேலைக்குப் போகலாம். வேலைக்கு வா, குடியேறாதே.

இந்தியா 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன். அதற்குப் பின்னால் பிறந்தால் அப்பா, அம்மாவில் ஒருத்தர் இந்தியராக இருக்க வேண்டும். 2003-ல் திருத்திய பிறகு அதுவும் இறுகிவிட்டது, இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டு வந்தார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம், இந்த மூன்று நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, அதிலும் முஸ்லிம் இல்லாதவர்களுக்கு மட்டும். இலங்கைத் தமிழர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2025-ல் குடியேற்றத்துக்கும் வெளிநாட்டவருக்கும் புதுச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று விலக்கு கொடுத்தார்கள். ஜெயில் இல்லை என்பது நிம்மதிதான். குடியுரிமை என்று அதில் எங்கேயும் இல்லை. முகாம்களில் இருப்பவர்களில் பல ஆயிரம் பேர் மலையகத் தமிழர். அதாவது நம்ம கிராமங்களிலிருந்து போன கூலிகளின் பேரப்பிள்ளைகள். தாத்தா புறப்பட்ட மண்ணுக்குத் திரும்பி வந்தவன் அந்நியன்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள கோணல் இல்லை. 1948-ல் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டது. அதன் 13-வது பிரிவு, யாரும் எந்த நாட்டை விட்டும் வெளியேறலாம், சொந்த நாட்டுக்குத் திரும்பலாம் என்கிறது. இன்னொரு நாட்டுக்குள் நுழையலாம் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டிலிருந்து வெளியேறலாம், எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது என்றால் அவன் எங்கே நிற்பான்? தெருவில் நிற்பான். கடலில் நிற்பான்.

நாமே வெளிநாடு போவதைப் பாருங்கள். இங்கே ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று நினைப்போம். பாஸ்போர்ட்டில் வேறொரு ஈ.சி.ஆர். இருக்கிறது. பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் அது இருக்கும். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முப்பது வயசு ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். ஏஜெண்டிடம் ஏமாறக் கூடாது என்கிற நோக்கம் சரிதான். ஆனால் பாதுகாப்பு, அங்கே முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும்போதல்லவா வேண்டும்? அப்போது தூதரகக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. எஞ்சினியர் படித்த மேல்சாதிப் பையன் அமெரிக்கா போனால் அவன் நாட்டின் பெருமை, என்.ஆர்.ஐ. நம்ம பையன் துபாய் போனால் கூலி, அவனுக்குச் சோதனை.

அந்தப் பெருமைக்காரர்கள் சாமான்களோடு சாதியையும் மூட்டை கட்டிப் போனார்கள். அதற்கு விசா கேட்டவர் யாருமில்லை. அங்கே போயும் நம்மவர்களை என்ன ஆளு என்று விசாரிக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டிய அளவுக்கு அது போயிருக்கிறது.

இங்கே எப்படி? ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் தடா. ஆந்திரா. 1953-ல் ஆந்திரா பிரிந்தது, 1960-ல் எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணிப் பக்கம் இங்கே வந்தது, சத்தியவேடு பக்கம் அங்கே போனது. கோடு போட்டபோது சேரிக்காரனிடம் யாரும் கேட்கவில்லை, ஏரியையும் கேட்கவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டி நீங்கள் அங்கே குடியேறினால் சாதி கூடவே வரும், டீக்கடையில் தெரிந்துவிடும். ஆனால் சாதிச் சான்றிதழ் வராது. 341-வது பிரிவில் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பிழைக்க வந்த தலித்துக்குப் புது மாநிலத்தில் இடஒதுக்கீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் சொன்னது, 1994-ல் சொன்னது, 2018-லும் சொன்னது. இழிவு எல்லை தாண்டும், உரிமை எல்லையில் நின்றுவிடும். நம்மைப் போன்றவர்களின் நடமாட்டத்துக்கு இந்த நாடு போட்டிருக்கிற மிகப் பெரிய சோதனைச் சாவடி எளாவூரில் இல்லை, இந்தச் சான்றிதழில் இருக்கிறது.

இப்போது சிப்காட்டுக்கு வருகிறேன். அங்கே வேலை செய்கிற ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் யார்? ஐயர் வீட்டுப் பிள்ளைகளா இரும்பு உருக்காலையில் நிற்கிறார்கள்? நிலமில்லாத தலித்துகளும் ஆதிவாசிகளும் பிற்பட்டவர்களும் ஏழை முஸ்லிம்களும்தான் அங்கே நிறைய. அவர்கள் கிராமத்திலும் ஒரு மிராசுதார் உண்டு, பெயர்தான் வேறு. 2020 மே மாதத்தை மறந்துவிட்டீர்களா? ஊரடங்கில் சென்னையிலிருந்து இந்த நெடுஞ்சாலை வழியாக வடக்கே நடந்தே போனார்களே. தோளில் பிள்ளை, தலையில் மூட்டை. அன்றைக்கு ரோட்டோரச் சேரிகளில் எத்தனையோ பேர் தண்ணியும் சோறும் கொடுத்தீர்கள். எந்த மாநிலம் என்று கேட்டா கொடுத்தீர்கள்? 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரப்பினபோது, பயந்துபோய் ரயில் ஏறினதும் இதே ஆட்கள்தான். வேலைக்கு வந்தவன் ஒரு வதந்தியில் ஓட வேண்டியிருக்கிறது என்றால், அவன் இங்கே குடியிருக்கவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

சரி, சட்டம் போட்டுத் தடுக்கலாம் என்கிறீர்கள். ஆந்திரா 2019-ல் அப்படி ஒரு சட்டம் போட்டது. தொழிற்சாலை வேலையில் நூற்றுக்கு 75 உள்ளூர் ஆளுக்கே என்று. ஹரியானாவும் போட்டது, அதை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆந்திரா அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நடத்தினால் முதலில் அடிபடுவது யார்? எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீ சிட்டியில் வேலைக்குப் போகிற நம்ம வீட்டுப் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறுகிற தங்கச்சிகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அங்கே நீங்கள்தான் வெளிமாநிலத்தவர். கும்மிடிப்பூண்டி வாசலில் நாம் எழுதுகிற போர்டை அப்படியே தெலுங்கில் எழுதி அங்கே மாட்டினால் என்ன சொல்வோம்?

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் கையில் இருக்கிற அதே தாளில் இருக்கிறது. இரண்டாவது தீர்மானம் ஏரி. ஏரியில் நமக்கு ஏன் இடமில்லை என்கிறார்கள்? ‘பாடு’ முறை. வலை போடும் இடத்தையும் நாளையும் பட்டினவர் குப்பங்கள் தலைக்கட்டுக் கணக்கில் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவர்களும் ஏழைகள்தான், முகத்துவாரம் தூர்ந்தால் அவர்கள் அடுப்பும் எரியாது. அவர்களை நான் எதிரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முறையில் பிறப்பால் பங்கு உண்டு, பிறப்பால் பங்கு இல்லை. நாமும் இருளரும் தண்ணியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கலாம், நல்ல இடத்தில் வலை கட்டக் கூடாது. கேட்டால் என்ன சொல்கிறார்கள்? “நாங்க பரம்பரையா இருக்கறவங்க. நீங்க அப்புறம் வந்தவங்க. உங்களை விட்டா ஏரி தாங்காது.”

இந்த மூணு வாக்கியத்தையும் நாலாவது தீர்மானத்துக்குப் பக்கத்துல வெச்சுப் படிங்க. நாங்கள் பரம்பரை, நீ அப்புறம் வந்தவன், உன்னைச் சேர்த்தால் தாங்காது. நாம் சிப்காட்டில் பேசுகிற நியாயமும் ஏரியில் நமக்கு எதிராகப் பேசுகிற நியாயமும் ஒன்றேதான். இங்கே அதை ஏற்றுக்கொண்டால் அங்கே எந்த வாயால் எதிர்ப்பீர்கள்? கலெக்டர் முன்னால் இரண்டு தீர்மானத்தையும் ஒரே மனுவில் வைத்தால், எதிராளி நாலாவதைக் காட்டியே இரண்டாவதைத் தள்ளிவிடுவான்.

“அப்ப கூலி குறையறது பொய்யா?” என்று கேட்கலாம். பொய் இல்லை. ஆனால் காண்டிராக்டர் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். கூலியைக் குறைப்பது அவன் ஒடிசாவிலிருந்து வந்தது இல்லை. உரிமை இல்லாமல் வந்தது. அவன் ஆதார் அட்டை காண்டிராக்டர் பையில் இருக்கிறது. தகரக் கொட்டகையில் ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். அவனுக்கு பி.எஃப். தெரியாது, இ.எஸ்.ஐ. தெரியாது, இங்கே ஓட்டு கிடையாது. தடை போட்டால் அவன் வராமல் இருப்பானா? வருவான், இன்னும் பயந்து வருவான், பெயர் எழுதாமல் வருவான், இன்னும் குறைந்த கூலிக்கு வருவான். கதவைச் சாத்தினால் ஆள் நிற்பதில்லை, ஆளின் விலைதான் இறங்குகிறது. அமெரிக்காவில் பேப்பர் இல்லாமல் பழம் பறிக்கிறவர்கள் கதையும் இதுதான். அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி, எட்டு மணி நேரம், அடிபட்டால் கேட்க ஒரு சங்கம் என்று ஆகட்டும். அப்புறம் காண்டிராக்டர் எதுக்கு ஆயிரம் மைல் தள்ளிப் போய் ஆள் பிடிக்கிறான்?

1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. சரியாக அமல்படுத்தவே இல்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது அது அதற்குள் கரைந்துவிட்டது. சட்டம் எந்தப் பெயரில் இருந்தாலும் கேட்க ஆள் இல்லாவிட்டால் காகிதம்தான்.

கட்டுப்பாடில்லாமல் எல்லாரும் எங்கேயும் போகலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நான் முதலாளியின் ஆள் ஆகிவிடுவேன். கங்காணியும் அதைத்தான் சொன்னான்: வா, போகலாம், அங்கே தேங்காயும் மாசியும் விளைகிறது என்று. உரிமையில்லாத நடமாட்டம் வெறும் ஆள்கடத்தல். அதனால் நான் இரண்டு உரிமையையும் சேர்த்துக் கேட்கிறேன். போகிற உரிமை, போன இடத்தில் மனுஷனாக இருக்கிற உரிமை. அத்தோடு, போகாமல் சொந்த மண்ணில் வாழ்கிற உரிமையும். அந்த மூன்றாவதுக்குத்தான் உங்கள் முதல் இரண்டு தீர்மானம்.

நாலாவது தீர்மானத்தை மாற்றி எழுதி எடுத்து வந்திருக்கிறேன். படிக்கிறேன்.

ஒன்று. சிப்காட்டில் ஒரே வேலைக்கு ஒரே கூலி. எந்த மாநிலத்தவராக இருந்தாலும் கூலி நேராக அவர் கணக்குக்குப் போக வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். யாருடைய அட்டையையும் காண்டிராக்டர் பிடித்து வைக்கக் கூடாது.

இரண்டு. இந்த மண்ணில் எழுந்த தொழிற்சாலைகள், சுற்றியுள்ள சேரி, இருளர் குடியிருப்பு, முகாம் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் தர வேண்டும். உரிமை கேட்பார்கள் என்பதற்காக உள்ளூர் ஆளை ஒதுக்குவதை நிறுத்த வேண்டும்.

மூன்று. கும்மிடிப்பூண்டி முகாமில் இருப்பவர்களில் விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை. அதுவரைக்கும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடவும் வேலை செய்யவும் உரிமை.

நான்கு. பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் மாநில எல்லை தாண்டிச் செல்ல அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஐந்து. இது அரசுக்கு இல்லை, நமக்கு. அடுத்த கூட்டத்து நோட்டீசை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து அந்தத் தகரக் கொட்டகைகளுக்கு எடுத்துப் போக வேண்டும். நீங்கள் போக வேண்டும் தம்பி, நான் இல்லை.

ஐந்தாவதுதான் கஷ்டம். நம்மை வெளியே நிறுத்தினவர்களிடம் கற்றுக்கொண்ட வேலையை இன்னொருத்தன்மேல் செய்வது சுலபம். அவன் கொட்டகைக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்து பேசுவது கஷ்டம். அவனும் உங்களை என்ன ஆளு என்று கேட்கக்கூடும். அதற்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தீர்மானம் உங்கள் முன்னால் இருக்கிறது. ஆண்கள் மட்டும் கையைத் தூக்கி முடிவு செய்யாதீர்கள். ஸ்ரீ சிட்டிக்குப் போகிற தங்கச்சிகளையும், ஏரியில் இறங்குகிற அக்காக்களையும் முதலில் பேசச் சொல்லுங்கள். அதன் பிறகு ஓட்டெடுங்கள்.

ஜெய்பீம்.